குளியலறை அலமாரி: 37 உருப்படிகளும் ஒரு பூதக்கண்ணாடியும்

கொழுந்தனார் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை ராத்திரி, வீட்டுக்காரர் தலைக்கும் மீசைக்கும் சாயம் போட்டுக்கொண்டார். சனிக்கிழமை சாயங்காலம் காது ஓரம் அரிக்கிறது என்றார். அலைச்சல், வியர்க்குரு என்று விட்டுவிட்டோம். ஞாயிறு காலை நாலரை மணிக்கு என்னை எழுப்பினார். எழுப்பியது யார் என்று ஒரு நொடி எனக்கே சந்தேகம். நெற்றி புடைத்து, இமை இரண்டும் இட்லி மாதிரி உப்பி, மேலுதடு ஒரு பக்கமாகத் தொங்கியது. முகூர்த்தம் ஏழரைக்கு. ஆஸ்பத்திரிக்கு ஓடி ஊசி போட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து தம்பி பக்கத்தில் நின்றார். ஆல்பம் முழுக்க அந்தக் கண்ணாடிதான். மாப்பிள்ளைக்கு அண்ணனா, பாதுகாப்புக்கு வந்தவரா என்று பெண் வீட்டில் யாரோ கேட்டிருக்கிறார்கள்.

"நாலு வருஷமா இதே பொட்டலம்தான் டாக்டர், இப்ப மட்டும் எப்படி?" என்று மறுவாரம் தோல் டாக்டரிடம் கேட்டார். ஒவ்வாமை அப்படித்தான் வரும் என்றார் டாக்டர். உடம்பு ஒவ்வொரு தடவையும் கணக்கு எழுதிக்கொண்டே வரும், ஒரு நாள் மொத்தமாக வசூல் பண்ணும். ஒரு தடவை வந்துவிட்டால் ஆயுசுக்கும் அந்தப் பொருள் ஆகாது. மரத்துப்போக வைக்கும் சில மருந்துகளுக்கும் அதே உடம்பு எகிறலாம், அதனால் பல் டாக்டரிடம் போனாலும் இதைச் சொல்லுங்கள் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும், மிச்சமிருந்த பொட்டலம் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம் பச்சை நிறம், மருதாணி இலைப் படம், 'மூலிகை' என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் கடுகு மாதிரி எழுத்தில், மருதாணிப் பொடிக்குப் பின்னால் பாரா பினைலின்டையமின். சுருக்கமாக பி.பி.டி. கடையில் கிடைக்கும் நிரந்தரச் சாயங்களில் கறுப்பு வருவது பெரும்பாலும் இதனால்தான். மருதாணி தனியாகக் கறுப்பு தராது. அதற்கும் கீழே ஓர் எச்சரிக்கை: சிலருக்குத் தோல் எரிச்சல் வரலாம், முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள், புருவத்துக்கும் இமைக்கும் போடாதீர்கள், பார்வை போகலாம். பி.பி.டி. உள்ள சாயத்தில் இதை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அச்சிட்டிருந்தார்கள். நாலு வருஷமாக நாங்கள்தான் படிக்கவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் பூசுவது எல்லாவற்றின் பின்பக்கத்தையும் படிப்பது என்று ஆரம்பித்ததுதான் இந்த வேலை. ஒரு நாளில் முடியும் என்று நினைத்தேன். இரண்டரை மாதம் இழுத்தது.

முதல் ஞாயிறு: கொட்டிக் கவிழ்த்தது

ஹாலில் பழைய செய்தித்தாளை விரித்து, குளியலறை அலமாரி, கண்ணாடி மேசை, மகளின் டிராயர் எல்லாவற்றிலும் இருந்ததைக் கொட்டினேன். நாலு பேர் உள்ள வீடு. 37 உருப்படி தேறியது. சோப்பும் பேஸ்டும் சேர்த்துத்தான், இருந்தாலும் 37 என்பது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. மகள் போனில் பூதக்கண்ணாடி செயலி போட்டுக் கொடுத்தாள். அது இல்லாமல் பாதி டப்பாவைப் படிக்கவே முடியாது.

முதலில் காலாவதி ஆனதை ஒதுக்கினேன். ஒன்பது போயிற்று. திறந்த டப்பா மாதிரி ஒரு சின்னப் படமும் அதற்குள் 6M, 12M என்றும் சில புட்டிகளில் இருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம்தான் என்று அர்த்தம். திறந்த தேதியை யார் குறித்து வைத்தார்கள்? மஸ்காரா ஒன்று மகள் ஆறாம் வகுப்பு ஆண்டு விழாவுக்கு வாங்கியது. இப்போது அவள் பத்தாவது.

அப்புறம் படிப்பு. நம் நாட்டு விதிப்படி சேர்மானப் பட்டியலில் ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவை அளவு வரிசையில், அதிகமானது முதலில் வர வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் குறைவும் உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். சரி, அந்த ஒரு சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று எப்படித் தெரியும்? பினாக்ஸிஎத்தனால் என்று, க்ரீம் கெடாமல் காக்கும் ஒரு பதப்படுத்தி பலவற்றில் இருக்கும். அதற்கு உச்ச வரம்பே ஒரு சதவீதம்தான். ஆக, அந்தப் பெயருக்குப் பின்னால் வருவதெல்லாம் அநேகமாக ஒரு சதவீதத்தைத் தாண்டாதவை. இதை வைத்து, முன்பக்கம் முழுக்கக் கற்றாழை மடல் படம் போட்ட ஜெல் ஒன்றைப் பார்த்தேன். கற்றாழைச் சாறு பினாக்ஸிஎத்தனாலுக்கு இரண்டு இடம் தள்ளி, வாசனைக்கும் பின்னால், கல்யாணப் பத்திரிகையில் கடைசி வரியில் வரும் தூரத்துச் சித்தப்பா மாதிரி உட்கார்ந்திருந்தது. கெடுதல் ஒன்றும் இல்லை, கொடுத்த 180 ரூபாய் எதற்கு என்பதுதான் கேள்வி.

என் மனதில் இருந்த 'கெட்டவை' பட்டியல் பெரியம்மா அனுப்பும் வாட்ஸ்அப் பட்டியல்தான்: பாரபென், சல்ஃபேட், பெட்ரோலியம் ஜெல்லி, ஃப்ளோரைடு பேஸ்ட். அதை வைத்துப் பிரித்தால் அலமாரியில் மஞ்சள் கிழங்கும் படிகாரமும்தான் மிஞ்சும். டாக்டர் சொன்னது வேறு மாதிரி. ஒன்று, தேய்த்துக் கழுவுவதா, பூசிவிட்டு அப்படியே விடுவதா என்று பிரியுங்கள். பூசி விடுவதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். இரண்டு, தயாரித்தவன் முகவரி இல்லாத எதையும் பட்டியல் படிக்காமலே தூக்கிப் போடுங்கள்.

பாரபென் இல்லாத லோஷன்

அமெரிக்காவில், தோலில் பட்டு வரும் ஒவ்வாமையைப் பார்க்கும் மருத்துவர் சங்கம் ஒன்று வருஷத்துக்கு ஒரு பொருளை 'இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவிக்கிறது. 2006இல் நம் வீட்டு வில்லன் பி.பி.டி. 2013இல் மெத்தில்ஐசோதையசோலினோன் என்கிற பதப்படுத்தி. 2019இல் வேடிக்கையாக, பாரபெனை 'ஒவ்வாமை தராத பொருள்' என்று அறிவித்தார்கள். எல்லோரும் பயந்து ஓடிய பொருள்தான் தோலுக்கு அதிகம் சண்டை போடாதது என்று.

நடந்தது இதுதான். பாரபெனும் ஒரு பதப்படுத்திதான். அது ஹார்மோனைக் குழப்பும் என்ற பயம் பரவியது. அதில் முழுக்கப் பொய் என்றும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் ஐந்து வகைப் பாரபென்களைத் தடை செய்தது, ப்ரொபைல், ப்யூட்டைல் வகைகளுக்கு அளவைக் குறைத்தது. மெத்தில், எத்தில் வகைகளை விட்டுவைத்தது. ஆனால் கம்பெனிகள் 'பாரபென் இல்லை' என்று போட வசதியாக வேறு பதப்படுத்திக்குத் தாவின. அப்படித் தாவியதில் ஒன்று அந்த மெத்தில்ஐசோதையசோலினோன். ஐரோப்பாவில் கழுத்தும் கையும் முகமும் தடித்துத் தோல் டாக்டர்களிடம் கூட்டம் சேர்ந்தது. கடைசியில் பூசி விடும் பொருள்களில் 2017 முதல் அங்கே அதைத் தடை செய்துவிட்டார்கள். கழுவி விடுவதில் பத்து லட்சத்தில் 15 பங்கு வரை மட்டும் அனுமதி.

எங்கள் குவியலில் ஒரு பாடி லோஷனிலும், முகம் துடைக்கும் ஈரத்தாள் பொட்டலத்திலும் அந்தப் பெயர் இருந்தது. லோஷன் மூடிமேலேயே 'பாரபென் இல்லை' என்று வட்ட முத்திரை. குளிர்காலம் வந்தால் என் மணிக்கட்டு இரண்டும் சிவந்து சொரசொரப்பாகும். வறட்சி என்று நினைத்து இதே லோஷனை இன்னும் கொஞ்சம் தடவுவேன். நிறுத்தி ஐந்து வாரத்தில் அடங்கியது. இதனால்தான் என்று, தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்து நிரூபிக்கவில்லை. ஆனால் மறுபடி வாங்கிப் பார்க்கும் ஆசையும் இல்லை.

ஆக, மெத்தில் பாரபென் இருந்த பழைய க்ரீம் அலமாரிக்குத் திரும்ப ஏறியது. பெட்ரோலியம் ஜெல்லி ஏறியது. ஃப்ளோரைடு பேஸ்ட், நுரைக்கிற ஷாம்பு எல்லாம் ஏறின. பெரியம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை.

வேகமாகப் போனவை: பவுடர் டப்பா இரண்டு. பவுடருக்கு மூலமான டால்க் என்ற கனிமம் பூமியில் கிடைக்கும்போதே, புற்றுநோய் தரும் ஆஸ்பெஸ்டாஸ் அதில் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2024இல் டால்க்கையே 'அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடும்' என்ற வரிசைக்கு ஏற்றியது. அதைவிட எனக்கு உறுத்தியது, கைக்குழந்தைகளுக்கு நாம் பஃப் வைத்து முகத்தில் அடிக்கும் அந்த வெள்ளை மேகம். அதை அந்தக் குழந்தை மூச்சில்தான் இழுக்கிறது. அடுத்தது யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த, கண்ணுக்கு இடும் சுர்மாப் பொடி, சின்னக் குப்பிதான், கையில் வாங்கினால் அளவுக்கு மீறிக் கனக்கும். வெளிச்சத்தில் சாம்பல் நிறத்தில் மினுங்கியது. பழைய முறைச் சுர்மா என்பது ஈய சல்ஃபைடு கல்லை அரைத்தது. கண்ணுக்கு ஈயம் என்பதை அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

டிராயரில் இருந்த வெள்ளி டப்பா

மகள் டிராயரிலிருந்து வந்த ஒரு சிகப்பழகு க்ரீம் டப்பா. ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, வெள்ளி மூடி, எனக்குத் தெரியாத மொழியில் பெயர். தயாரிப்பாளர் முகவரி இல்லை, உரிம எண் இல்லை, சேர்மானம் இல்லை. வெளிநாட்டு அழகுசாதனம் இந்தியாவில் விற்க வேண்டுமென்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும் இறக்குமதி செய்தவர் முகவரியும் இருக்க வேண்டும். அதுவும் இல்லை. தோழி ஒரு ஃபேன்சி கடையில் 250 ரூபாய்க்கு வாங்கித் தந்தாளாம். மூன்று வாரமாகப் போடுகிறாள். "நல்லா வேலை செய்யுதும்மா" என்றாள். வேலை செய்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இந்த மாதிரி சிகப்பழகு க்ரீம்களில் பாதரசம் இருக்கலாம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கும், அதனால் சில வாரத்திலேயே வெளுப்பு தெரியும். அந்தப் பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் சேரும். கேரளத்தில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் இதைக் கண்டுபிடித்த மருத்துவர்கள் எழுதிய கட்டுரை உண்டு. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் இறங்கும் ஒரு வகை சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தார்கள். அதில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே வகை. அந்த 15இல் 13 பேர் சிகப்பழகு க்ரீம் போட்டவர்கள். நல்ல வேளையாக, க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்குக் குணமாகியிருக்கிறது.

நம் நாட்டுச் சட்டம் இந்த மாதிரி க்ரீமில் பாதரசம் சேர்ப்பதைத் தடுக்கிறது. தெரியாமல் ஒட்டிக்கொண்டு வந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. முகவரி இல்லாத டப்பாவில் அதை யார் அளந்து பார்த்தார்கள்?

டாக்டர் சிறுநீரில் புரதம் பார்க்கச் சொன்னார். ஒன்றும் இல்லை. ரிசல்ட் வரும்வரை இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. டப்பாவை மூடி, இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, மேலே எழுதி ஒட்டி, அபாயக் கழிவு என்று தனியாகக் கொடுத்தேன். 2016 திடக்கழிவு விதிகளில் வீட்டு அபாயக் கழிவு என்று ஒரு பிரிவே இருந்தது. வாஷ்பேசினில் கழுவி விடவில்லை. அவள் தலையணை உறையும் துண்டும் அதோடு போயின, ஏனென்றால் இந்தப் பாதரசம் துணியில் ஒட்டிக்கொண்டு வீட்டில் மற்றவர்களுக்கும் பரவும்.

திட்டுவதற்குத் தயாராகத்தான் அவள் முன்னால் உட்கார்ந்தேன். அவள் முந்திக்கொண்டாள். "வெயில்ல நிக்காத, கறுத்துடுவன்னு தினமும் யாரும்மா சொல்றது?"

நான்தான். எழுந்து போய் இரண்டு பேருக்கும் காபி போட்டேன்.

அதே டிராயரில் என் நாத்தனார் மறந்து விட்டுப்போன ஒரு ட்யூபும் இருந்தது. இது ஊர் பேர் தெரியாத சரக்கு இல்லை, மருந்துக் கடையில் விற்பது. ஸ்டீராய்டும் ஹைட்ரோகுயினோனும் டிரெடினாயினும் கலந்த மருந்து. டாக்டர் சொல்லி, சில வாரம் மட்டும் போட வேண்டியது. முதல் பத்து நாள் முகம் பளிச்சென்று இருக்கும். அதை நம்பி மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, சின்ன ரத்தக் குழாய்கள் வெளியே தெரிந்து, பரு கிளம்பி, வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும், அதனால் நிறுத்தவும் பயப்படுவார்கள். 2018இல் அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று கொண்டுவந்தது. நாத்தனாருக்குப் போன் போட்டேன். "பியூட்டி க்ரீம்தானே அண்ணி?" என்றாள். சட்டென்று நிறுத்தாமல் டாக்டரைப் பார்த்துக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அத்தையும் எலுமிச்சம்பழமும்

அலமாரியில் சேராதவை பூஜை அறையில் இருந்தன. அத்தை எழுபது வயசுக்காரர். என் ஆராய்ச்சியை ஒரு வாரம் பொறுத்துக்கொண்டவர், குங்குமச் சிமிழில் கை வைத்ததும் "அதுல என்னம்மா இருக்கு, மஞ்சளும் சுண்ணாம்பும்தானே" என்றார்.

மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும், புளிப்பில் மறுபடி மஞ்சளாகும். ஆரத்தித் தட்டில் தினமும் பார்ப்பதுதான். ஆகவே சுண்ணாம்பு சேர்த்த மஞ்சள் குங்குமத்தில் எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் திரும்ப வேண்டும். வெள்ளைத் தட்டில் மூன்று சிட்டிகை வைத்தோம்: அத்தையின் அக்கா வீட்டில் செய்து அனுப்பியது, கடையில் வாங்கிய பாக்கெட், யாரோ வெற்றிலை பாக்கோடு கொடுத்த பொட்டலம். அத்தைதான் பழத்தைப் பிழிந்தார். அக்கா வீட்டுக் குங்குமம் சாறு பட்ட இடத்தில் நுரை மாதிரி பொங்கி, ஓரத்திலிருந்து உள்ளே மஞ்சளாக மாறியது. பாக்கெட் குங்குமம் ரத்தச் சிவப்பிலேயே இருந்தது. பொட்டலத்துக் குங்குமம் கரைந்து, தட்டில் இளஞ்சிவப்பாக ஓடியது. துடைத்த துணியில் அந்தச் சாயம் இன்னும் போகவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். வெங்காரம் போட்டுச் செய்யும் குங்குமமும் உண்டு, அது புளிப்பிலும் சிவப்பாகவே நிற்கலாம். அதனால் மஞ்சளாக மாறினால் மஞ்சள் இருக்கிறது என்று சொல்லலாமே தவிர, மாறாவிட்டால் கலப்படம் என்று சத்தியம் செய்ய முடியாது. குங்குமத்தில் ஈயம் கலந்திருக்கிறதா என்பதை எலுமிச்சம்பழம் சொல்லாது. ஆனாலும் அத்தைக்கு அந்த ஒரு தட்டு போதுமானதாக இருந்தது. பொட்டலம் அன்றைக்கே போயிற்று.

பேச்சுவாக்கில் தன் நெற்றியைக் காட்டினார். புருவ மத்தியில் மிளகளவு வெளுப்பு. "ஸ்டிக்கர் பொட்டு வச்ச காலத்துல வந்தது." ஸ்டிக்கர் பொட்டின் பசையில் பாரா டெர்ஷியரி ப்யூட்டைல்பீனால் என்று ஒன்று இருக்கலாம், அது நிறம் தரும் செல்களையே கொல்லும். வெள்ளை பெரும்பாலும் பொட்டு ஒட்டிய இடத்தில்தான் விழும், சிலருக்கு வேறு இடத்துக்கும் பரவலாம். மகளும் நானும் இப்போது வீட்டில் இருக்கும்போது வெறும் நெற்றி, வெளியே போனால் பென்சில் பொட்டு.

அரைத்தது, கெடுத்தது

கழித்த பிறகு சிலவற்றுக்கு மாற்று வேண்டுமே. திருச்சி பெரிய கடை வீதியில் நாட்டு மருந்துக் கடையில் சீயக்காய் ஒரு கிலோ, பூந்திக்கொட்டை 200 கிராம், வெந்தயம் 100 கிராம், வெட்டிவேர் ஒரு கைப்பிடி வாங்கினேன். வீட்டிலிருந்து பச்சைப்பயறு 200 கிராம், மாதக்கணக்கில் சேர்த்துக் காயவைத்த எலுமிச்சைத் தோல், செம்பருத்தி இலை. பூந்திக்கொட்டையில் விதையை உடைத்து எடுத்துவிட வேண்டும், அது கல். எல்லாம் மொட்டைமாடியில் மூன்று நாள் வெயிலில் காய்ந்தன. மில்லில் சீயக்காய்க்குத் தனி மெஷின்; மிளகாய் மெஷினில் போட்டால் அடுத்து அரைப்பவர்கள் நம்மைத் தேடி வருவார்கள். மில்காரர் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டுதான் போட்டார். இரண்டாவது நிமிஷம் மெஷின் முனகி நின்றது. வெட்டிவேரை நறுக்காமல் முழுசாகப் போட்டிருந்தேன், நார் சுற்றிக்கொண்டது. அவர் கத்தியால் வழித்து எடுக்கும்வரை எனக்குப் பின்னால் நின்ற நாலு பேரும் தும்மிக்கொண்டே பார்த்தார்கள்.

பொடி நன்றாக வந்தது. வெந்நீருக்குப் பதில் வடிகஞ்சியில் கரைத்தால் தலையில் நிற்கும், கண்ணில் வழியாது என்பது அத்தை சொன்ன யோசனை. கண்ணில் பட்டால் எரிச்சல் ஷாம்புவைவிட இரண்டு மடங்கு, அதில் மாற்றமில்லை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எல்லோருக்கும் சீயக்காய். பள்ளிக்கூட நாளில் மகளுக்கு ஷாம்புதான். காலை ஆறரை மணிக்கு வடிகஞ்சிக்கு எங்கே போவது?

நலங்கு மாவுக்குச் சாமான் கேட்டால் கடைக்காரர் செட்டாகக் கட்டிக் கொடுத்துவிடுவார். ஆவாரம்பூ, ரோஜா இதழ், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், கூடவே கார்போகரிசி. அந்தக் கார்போகரிசியை மட்டும் எடுக்கச் சொன்னேன். வெண்புள்ளிக்கு வைத்தியத்தில் பயன்படுவது அது; அதிலுள்ள சோரலென் என்ற பொருள் வெயில் பட்டதும் தோலைச் சிவக்க வைக்கும், கொப்புளிக்க வைக்கும், கறுக்க வைக்கும். மருந்தாகக் கொடுப்பதே அந்த வெயில் வேலைக்காகத்தான். குளித்துவிட்டு உச்சி வெயிலில் வண்டி ஓட்டுகிற வீட்டுக்கு எதற்கு? கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து போடுறோம்மா." சாயப் பொட்டலத்தில் 'மூலிகை' என்று போட்டதை என் வீட்டுக்காரரும் இப்படித்தான் நம்பினார் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டார்.

தோற்றது கற்றாழை ஜெல். கடை ஜெல்லைக் கேலி செய்தேன் அல்லவா, அதனால் நானே செய்தேன். மடலை வெட்டிச் சாய்த்து வைத்து மஞ்சள் பால் முழுக்க வடியவிட்டேன், அது தோலை அரிக்கும். உள்ளே இருந்த கூழை ஏழு தண்ணீரில் அலசி, மிக்ஸியில் அடித்து, கொதிநீரில் கழுவிய இரண்டு கண்ணாடி புட்டியில் ஊற்றினேன். ஒன்று ஃப்ரிட்ஜில், ஒன்று அலமாரியில். அலமாரிப் புட்டி மூன்றாம் நாள் லேசாகச் சிவந்தது. ஐந்தாம் நாள் மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று வந்தது, மீன் கழுவிய தண்ணீர் வாடை. எட்டாம் நாள் மேலே சாம்பல் நிறப் பஞ்சு. ஃப்ரிட்ஜ் புட்டி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பத்தாம் நாள் முகர்ந்ததும் அதையும் கொட்டினேன்.

தண்ணீர் இருக்கும் எதிலும் கிருமி வளரும். பார்வைக்குத் தெரியாமலே வளரும். பினாக்ஸிஎத்தனாலும் பாரபெனும் புட்டிக்குள் என்ன வேலை பார்க்கின்றன என்பதை அந்தச் சாம்பல் பஞ்சுதான் எனக்குக் காட்டிக் கொடுத்தது. இப்போது வீட்டில் செய்வதெல்லாம் உலர்ந்த பொடி மட்டும். ஈரமானது வேண்டுமென்றால் அன்றைக்கு வெட்டி அன்றைக்குப் பூசுவது. 180 ரூபாய் ஜெல்லை இனிக் கிண்டல் செய்வதாக இல்லை.

முழங்கை நோட்டு

புதிதாக எது வந்தாலும் முழங்கையின் உள்பக்கம், ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில், காலையும் மாலையும் ஏழு நாள் பூசிப் பார்க்கிறோம். கழுவி விடும் பொருளைக் கொஞ்ச நேரம் வைத்துக் கழுவிவிடுவோம். நாலாம் நாள், ஐந்தாம் நாள் கூட அரிப்பு வரலாம், அதனால்தான் ஏழு. நோட்டில் ஆள் பெயர், பொருள், தேதி. நலங்கு மாவு எனக்கு ஒத்துக்கொண்டது, மகளுக்கு மூன்றாம் நாள் சிவந்தது. எந்தச் சாமான் என்று இன்னும் தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இப்போது கோரைக்கிழங்கு ஓடுகிறது, இரண்டாம் நாள்.

வீட்டுக்காரருக்கு மட்டும் இந்தச் சோதனை கிடையாது. பி.பி.டி.யோடு ஏற்கெனவே சண்டை போட்ட உடம்பில் சாயத்தை வைத்துச் சோதிப்பதே வம்பு. மருதாணியும் அவுரியும் மாற்றிப் போட்டால் கறுப்பு வருமே என்று அவருக்கு ஆசை. சுத்தமான மருதாணி மணிக்கணக்கில் ஊறினாலும் செம்பழுப்புதான் தரும். அதன்மேல் அவுரிப் பொடி போட்டால் கறுப்புக்குப் பக்கத்தில் வரும். ஆனால் அவுரி என்று விற்கும் பொடியிலும் சட்டென்று கறுக்க வேண்டுமென்று பி.பி.டி. கலப்பவர்கள் இருக்கிறார்கள் என்று டாக்டர் எச்சரித்தார். அரை மணியில் கறுக்கும் எந்த மருதாணிக்கும் அதுதான் கணக்கு, கல்யாணத்தில் கையில் போடும் கறுப்புக் கோன் உட்பட. இலையாக வாங்கி நாமே அரைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அதற்குள் மீசை முழுசாக நரைத்து, அவருக்கே அது பழகிவிட்டது. போன வாரம் முடிவெட்டப் போன இடத்தில், "சார், டை போட்டு விடவா?" என்று கேட்டார்களாம். பேன்ட் பையிலிருந்து அந்தக் கல்யாணப் போட்டோவை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

37இல் 17 திரும்ப அலமாரிக்கு ஏறின. மகளுக்கு ஆண்டு விழா நெருங்குகிறது, லிப்ஸ்டிக் வேண்டும் என்றாள். ஃபேன்சி கடைக்குக் கூடவே போனேன், நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் மூன்றாவதைக் காட்டி, "அண்ணா, இதுல இறக்குமதிப் பதிவு எண் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

கடைக்காரர் டப்பாவை வாங்கிப் பார்த்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "பாப்பா, உனக்கு எந்தக் கலர் வேணும்?"